ஒரு துளையில் ஒரு தடவை

மேடையில் அமர்ந்திருக்கும் துணைத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, முதல் வரிசையில் இருக்கும் மேஜர் வீட்டு அம்மா, அவர் பக்கத்தில் இருக்கும் அவர் மகன், நம் தம்பி, மாவட்டச் சங்கங்களிலிருந்து விடியற்காலையிலேயே பஸ் பிடித்து வந்திருக்கும் உறுப்பினர்களே, கடைசி வரிசையில் கதவோரமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தையல் அக்கா, எல்லோருக்கும் வணக்கம்.

நிகழ்ச்சி நிரலில் எனக்கு நேராக "புகழுரை, ஐந்து நிமிடம்" என்று அச்சிட்டிருக்கிறார்கள். எனக்கு முன்னால் பேசிய ஆறு பேரும் புகழைப் பங்கு போட்டுத் தீர்த்துவிட்டார்கள். எனக்கு மிச்சம் வைத்திருப்பது உரை மட்டும்தான். ஐந்து நிமிடத்தில் முடியாது. துணைத் தலைவர் கடிகாரத்தைப் பார்ப்பதானால் இப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேன். இருபத்தாறு வருடமாக இந்தத் துப்பாக்கி சுடுதல் சங்கத்தில் மதிப்பெண் போடுகிறேன். இன்று மதிப்பெண் குழுவின் தலைவர். நான் நல்ல பேச்சாளர் இல்லை. எழுதி வைத்துத்தான் படிக்கிறேன்.

இன்னொரு தாளும் என் கையில் இருக்கிறது. அது நான் எழுதியதல்ல, செயலாளர் கொடுத்தது. என் உரையின் கடைசியில் இதைத் தீர்மானமாக முன்மொழிய வேண்டுமாம். புதிதாகக் கட்டியிருக்கும் சுடுதளத்துக்கு, மறைந்த நம் தலைவர் மேஜரின் பெயரை வைப்பது ஒன்று. அதன் வாசலில், இதோ மேஜரின் படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறார்களே, கண்ணாடிச் சட்டம் போட்ட இந்த இலக்கு அட்டை, இதை "சங்கத்தின் முதல் சாதனை" என்று எழுதி நிரந்தரமாக மாட்டுவது இன்னொன்று.

இந்தத் தாளை நான் படிக்கப் போவதில்லை. ஏன் படிக்கப் போவதில்லை என்று சொல்லத்தான் நிற்கிறேன்.

முதலில் மேஜரைப் பற்றி.

மேஜர், மேஜர் என்று ஆறு பேரும் சொன்னார்கள். நானும் சொல்கிறேன், வேறு எப்படிக் கூப்பிட்டும் பழக்கமில்லை. எந்தப் படையில் மேஜர்? யாராவது கேட்டோமா? அவர் படைக்குப் பூட்ஸ் தைத்துக் கொடுத்த தொழிற்சாலையின் முதலாளி. சரக்கு வாங்க வந்த ஓர் அதிகாரி எப்போதோ வேடிக்கையாக "என்ன மேஜர், தோல் வந்துடுச்சா?" என்று கேட்டிருக்கிறார். அந்த வேடிக்கையை இவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அவர் ஒருபோதும் "நான் மேஜர்" என்று சொன்னதில்லை. நாம் சொல்லும்போது மறுத்ததும் இல்லை. அவருடைய வழியே அதுதான். கையெழுத்து எப்போதும் மற்றவர்களுடையதாக இருக்கும்.

சங்கத்தைத் தனி ஒருவராக ஆரம்பித்தார் என்று இன்று வெளியிட்ட அஞ்சலி மலரில் போட்டிருக்கிறார்கள். அந்த மலரை நானும் படித்தேன். முதல் கூட்டத்தில் ஏழு பேர் இருந்தார்கள் என்று நம் கூட்டக் குறிப்பேட்டின் முதல் பக்கம் சொல்கிறது. பூட்ஸ் தொழிற்சாலையின் தோல் கிடங்கில், மூட்டைகளின் மேல் உட்கார்ந்து கூட்டம் நடந்திருக்கிறது. முதல் இரண்டு துப்பாக்கிகளும் மேஜருடையவை அல்ல. ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வாங்க வராதவர்கள் விட்டுப்போன காற்றுத் துப்பாக்கிகள். கொண்டுவந்தவர் துப்பாக்கி ரிப்பேர்காரர் அண்ணா. அந்த ஏழு பேரில் இன்று மிச்சம் இருப்பவரும் அவர் ஒருவர்தான். எண்பத்தொரு வயது. முதல் வரிசையின் ஓரத்தில், ஊன்றுகோலை முழங்காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மலரில் அவர் எங்கே இருக்கிறார்? பதினேழாம் பக்கம். "மற்றும் பலர்".

சங்கத்தின் விதிமுறைகளை மேஜர் இரவு பகலாக உழைத்து எழுதினார் என்றும் மலரில் இருக்கிறது. அந்த மூலப் பிரதி என் அலமாரியில் இருக்கிறது. மேசைப்பந்துச் சங்கத்தின் விதிமுறைகளை வாங்கி, "மட்டை" என்ற இடத்தில் "துப்பாக்கி" என்று அடித்திருக்கிறார்கள். ஒரு விதி தப்பிவிட்டது. "ஆட்டத்தின் நடுவில் பந்து உடைந்தால் நடுவர் புதுப் பந்து தருவார்." பதிவு அலுவலகத்தில் அதைப் படிக்காமலே முத்திரை குத்தினார்கள். ஒன்பது வருடம், இந்த நாட்டின் துப்பாக்கி சுடுதல் சங்கத்தில் பந்து உடைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சட்டபூர்வமான விதி ஒன்று இருந்தது. நான்தான் கண்டுபிடித்துச் சொன்னேன். மேஜர் சிரிக்கவில்லை. "யார் கிட்டயும் சொல்லாதீங்கம்மா, சங்கத்துக்கு அசிங்கம்" என்றார்.

சங்கத்துக்கு. இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வரும்.

நான் எப்படி உள்ளே வந்தேன்? படிப்பின் கடைசி வருடம். சிதறலைப் பற்றி ஆய்வேடு எழுத வேண்டும். ஒரே மனிதர், ஒரே குறி, ஒரே துப்பாக்கி, ஆனாலும் குண்டுகள் ஏன் ஒரே இடத்தில் விழுவதில்லை? அதற்கு எனக்குத் துளைகள் வேண்டியிருந்தன. தோல் கிடங்கில் துளைகள் மலிவாகக் கிடைத்தன. பயன்படுத்திய அட்டைகளை ஒரு பையில் அள்ளிக்கொண்டு போய் அளந்தேன். ஒரு வாரத்தில் திரும்பி வந்து மேஜரிடம் சொன்னேன்: "சார், உங்க அட்டையில வட்டம் வட்டமா இல்ல. முட்டை மாதிரி இருக்கு." விசிட்டிங் கார்டு அடிக்கிற அச்சகத்தில் கொடுத்திருந்தார்கள். நாலு மாதமாக எல்லோரும் முட்டையைச் சுட்டிருக்கிறார்கள்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ரிப்பேர்காரர் அண்ணாவிடம் சொன்னார்: "படிச்ச பொண்ணு. இனிமே மார்க்கை இதுவே போடட்டும். யாரும் சண்டைக்கு வர மாட்டான்."

நான் பெருமைப்பட்டேன். இருபத்திரண்டு வயதில், நம் வார்த்தைக்கு மறு வார்த்தை இல்லை என்று ஒருவர் சொன்னால் யாருக்குத்தான் தலை நிமிராது? ஆனால் அவர் சொன்னதன் அர்த்தம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. நான் சரியாக அளப்பேன் என்பதற்காக அல்ல. நான் அளந்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்பதற்காக.

அவர் செய்த நல்லதை மறைத்துப் பேசினால் நான் என் தொழிலுக்குத் துரோகம் செய்தவள் ஆவேன். ஆகவே சொல்கிறேன். துப்பாக்கிக் குழல் எப்போதும் இலக்கின் பக்கம்தான் இருக்க வேண்டும். இந்த ஒன்றில் அவர் யாருக்கும் வளைந்து கொடுத்ததில்லை. சுடுதளத்துக்கு நிலம் கொடுக்கக் கூடிய ஒரு பெரிய மனிதர் ஒரு நாள் வந்தார். போட்டோவுக்காகத் துப்பாக்கியை எடுத்தார், விசையில் விரலை வைத்துக்கொண்டே எங்கள் பக்கம் திரும்பினார். மேஜர் அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே அழுத்தினார். "துப்பாக்கியை வச்சுட்டு வெளியே போங்க" என்றார். அந்த நிலம் நமக்குக் கிடைக்க மேலும் இரண்டு வருடம் ஆனது. முப்பது வருடத்தில், முப்பத்து நாலு மாவட்டச் சங்கங்களில், ஒரு குழந்தைக்குக் கூட ஒரு கீறல் விழவில்லை. அது அவரால்தான். இதைச் சந்தேகமில்லாமல் சொல்கிறேன்.

அதனால்தான் எனக்குக் கோபம் அதிகம். பயந்து வளைகிற மனிதராக இருந்திருந்தால் பாவம் என்று விட்டிருப்பேன். இவர் நிமிரத் தெரியாதவர் அல்ல. எங்கே வளைவது, எங்கே நிமிர்வது என்று யோசித்துத் தேர்ந்தெடுத்தவர்.

இப்போது இந்த அட்டைக்கு வருகிறேன்.

முதல் தேசியப் போட்டி. பெண்களுக்கான பத்து மீட்டர் பிரிவு. நாற்பது அட்டை, அட்டைக்கு ஒரு குண்டு, குண்டுக்கு அதிகபட்சம் பத்து மதிப்பெண். முடிவில் இரண்டு பேர்தான் மிச்சம். ஒருவர் டாக்டர் வீட்டுப் பெண். நல்ல பெண், இன்றுவரை அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இன்னொருவர் பூட்ஸ் தொழிற்சாலையில் மேல்தோல் தைத்துக்கொண்டிருந்தவர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கிடங்குக்கு வந்து, முதலில் வேடிக்கை பார்த்து, பிறகு கேட்டு வாங்கிச் சுட்டவர். தையல் ஊசியில் நூல் கோக்கும் கை அது. நடுங்கவே நடுங்காது. என் ஆய்வேட்டில் மிகக் குறைந்த சிதறல் யாருடையது என்று ஓர் அட்டவணை இருக்கிறது. முதல் வரி அவருடையது.

தையல் அக்கா முன்னூற்று எண்பத்தொன்று. டாக்டர் வீட்டுப் பெண்ணுக்கு முப்பத்தொன்பது அட்டைகள் எண்ணியாகிவிட்டன. கடைசி அட்டையில் பத்து விழுந்தால் இருவரும் சமம். சமமானால் கடைசிப் பத்து அட்டைகளில் யார் அதிகமோ அவர் வெற்றி. அது டாக்டர் வீட்டுப் பெண். ஒன்பது விழுந்தால் தையல் அக்கா. எல்லாம் அந்த ஒரு துளையில் நின்றது.

துளை, பத்துக்கும் ஒன்பதுக்கும் நடுவில். கண்ணால் சொல்ல முடியாது.

அப்படி இருந்தால் என்ன செய்வோம்? புதியவர்கள் எல்லாம் மின்னணு இலக்கில் சுட்டுப் பழகியவர்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். கேஜ் என்று ஒரு சின்ன உலோகக் கம்பி உண்டு. தலையில் ஒரு வட்டத் தட்டு இருக்கும். கம்பியைத் துளையில் செங்குத்தாக இறக்க வேண்டும். தட்டின் விளிம்பு நடுப்புள்ளியைத் தொட்டால் பத்து. தொடாவிட்டால் ஒன்பது. இதற்கு ஒரே ஒரு விதிதான் உயிர். ஒரு துளையில் கேஜ் ஒரு தடவைதான் இறங்க வேண்டும். ஏன்? காகிதம் இரும்பு இல்லை. இரண்டாம் தடவை இறக்கினால் துளை, இறக்குகிறவர் விரும்பும் பக்கம் விரியும். அதற்குப் பிறகு நீங்கள் அளப்பது குண்டு போட்ட துளையை அல்ல. நீங்கள் போட்ட துளையை.

நான் இறக்கினேன். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். என் பக்கத்தில் இன்னொரு நடுவர், ரிப்பேர்காரர் அண்ணா. அவரும் பார்த்தார். தொடவில்லை. அட்டையின் கீழ் ஓரத்தில் ஒன்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மேஜர் உள்ளே வந்தார். கதவைச் சாத்தினார்.

"என்னம்மா வந்துச்சு?"

"ஒன்பது சார்."

"கொடுங்க, பார்ப்போம்."

"கேஜ் போட்டாச்சு சார்."

"போட்டா என்ன, நான் பார்க்கக் கூடாதா? நான் தலைவரா, யாரு?"

கேஜை என் கையிலிருந்து வாங்கினார். இறக்கினார். லேசாக ஒரு பக்கம் சாய்த்து, சாவியைத் திருப்புவது போல ஒரு திருப்பு. "இப்போ பாருங்க. தொடுது பாருங்க."

தொட்டது. தொடாமல் என்ன செய்யும்?

ரிப்பேர்காரர் அண்ணா, "மேஜர், ஒரு தடவைதான் போடணும்" என்று மட்டும் சொன்னார். மேஜர் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. "அண்ணே, போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க" என்றார். அண்ணா எழுந்து போனார். இதை அவரை வைத்துக்கொண்டே சொல்கிறேன், ஏனென்றால் நேற்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

பிறகு மேஜர் என்னிடம், மிக அன்பாகப் பேசினார். அன்பாகப் பேசியதைத்தான் இன்றுவரை என்னால் சகிக்க முடியவில்லை.

"இங்க பாருங்கம்மா. அடுத்த மாசம் சர்வதேசப் போட்டி. ஒரு சீட்டுதான். அங்கதான் நம்ம சங்கத்தை உலகச் சங்கத்துல சேர்க்கிறதா வேண்டாமான்னு முடிவு பண்ணப் போறாங்க. யாரை அனுப்பலாம்? டாக்டர் பொண்ணு நாலு பேரோட நின்னு பேசும். அந்தத் தையல் பொண்ணு என்ன பேசும்? குனிஞ்ச தலை நிமிராது. எனக்கு என்ன, ரெண்டு பேரும் என் சொந்தமா? சங்கத்துக்காகச் சொல்றேன்."

சொன்னேனே, திரும்ப வரும் என்று.

யோசித்துப் பாருங்கள். சொந்தக்காரருக்காகச் செய்திருந்தால் நான் எதிர்த்திருப்பேன். லாபத்துக்காகச் செய்திருந்தால் நிச்சயம் எதிர்த்திருப்பேன். சங்கத்துக்காக என்றார். நான் ஒன்பதை ஒரு கோடு போட்டு அடித்தேன். பக்கத்தில் பத்து என்று எழுதினேன். திருத்தினால் திருத்தியவர் மறுபடி கையெழுத்திட வேண்டும் என்பது விதி. அந்த விதியை மட்டும் ஒழுங்காகப் பின்பற்றினேன். இன்னொரு கையெழுத்துப் போட்டேன்.

சர்வதேசப் போட்டியில் என்ன நடந்தது? ஐம்பத்தொரு பேரில் நாற்பத்து மூன்றாவது இடம். உலகச் சங்கத்தில் நம்மைச் சேர்த்துக்கொண்டார்கள். அதற்கும் அந்தப் பெண் பேசியதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. விண்ணப்பித்த எல்லா நாட்டையும் அந்த வருடம் சேர்த்துக்கொண்டார்கள். கடிதம் என் கோப்பில் இருக்கிறது. ஒரு வருடத்தில் அந்தப் பெண் கல்யாணம் செய்துகொண்டு வெளிநாடு போய்விட்டார். அதற்குப் பிறகு துப்பாக்கியைத் தொடவில்லை.

தையல் அக்காவும் அதற்குப் பிறகு போட்டியில் சுடவில்லை. ஆனால் அவர் எங்கேயும் போகவில்லை. நம் அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு தையல் மெஷினோடு உட்கார்ந்து, இந்த நாட்டில் சுடுகிற ஒவ்வொருவருக்கும், சுடும்போது மேலே போட்டுக்கொள்ளும் ஜாக்கெட் தைக்கிறார். கான்வாஸும் தோலும் சேர்த்துத் தைப்பது. இத்தனை மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் இருந்தால் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள். இருபத்தாறு வருடத்தில் அவர் தைத்த ஒரு ஜாக்கெட் கூடச் சோதனையில் திரும்பி வந்ததில்லை. இங்கே உட்கார்ந்திருக்கும் பதக்கக்காரர்கள் எல்லோரையும் அவர் இஞ்ச் டேப்பால் அளந்திருக்கிறார். அவரை நாம் எதனால் அளந்தோம்?

ஆறேழு வருடம் முன்னால் என் நடுவர் கோட்டின் தோள் தையல் பிரிந்துவிட்டது என்று போனேன். வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு, தோளில் கை வைத்தபடியே சொன்னார்:

"ரெண்டு தடவை போட்டீங்க."

"என்ன அக்கா?"

"கேஜு. அன்னைக்கு ஜன்னல் திறந்துதான் இருந்துச்சு. நீங்க போட்டீங்க, அப்புறம் அவர் போட்டார். பார்த்துட்டுதான் நின்னேன்."

இருபது வருடம் தெரிந்திருந்தும் தெரியாதது போல என்னோடு பேசியிருக்கிறார். நான் தடுமாறினேன். மன்னித்துவிடுங்கள் என்றோ என்னவோ சொன்னேன்.

"அதை வச்சு நான் என்ன செய்யறது?" என்றார். "கையை ஆட்டாதீங்க, ஊசி குத்தும். மன்னிப்பெல்லாம் வேண்டாம்மா. எழுத்துல வேணும். தப்பை எழுத்துலதானே போட்டீங்க?"

அன்று மாலையே மேஜரிடம் போனேன். சாதனைப் பதிவேட்டைத் திருத்த வேண்டும் என்றேன். இந்த அட்டை அப்போது அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்தது. அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இப்ப கிளறினா பேப்பர்ல வரும். சங்கம் நாறிடும். நான் இருக்கிற வரைக்கும் வேண்டாம். நான் செத்த பிறகு நீங்க என்ன வேணா பண்ணிக்கங்க."

"சார், நிஜமாத்தான் சொல்றீங்களா?"

"பொணத்துக்கு என்னம்மா மானம்? பண்ணிக்கங்க."

கூடியிருக்கும் பெரியோர்களே, இந்தச் சங்கத்தில் அவர் எனக்குக் கொடுத்த கடைசி உத்தரவு அது. எழுத்தில் கொடுக்கவில்லை, வழக்கம் போல. நானும் ஆறேழு வருடம் அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர் உயிரோடு இருக்கும்போது செய்யும் துணிவு எனக்கு இல்லை என்பதை இங்கே ஒளிக்கப் போவதில்லை. என்னைப் பற்றி அவர் போட்ட கணக்கு கடைசிவரை சரியாகவே இருந்தது.

இன்று காலை தம்பி வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, நீங்க என்ன பேசப் போறீங்கன்னு எனக்குத் தெரியும். இன்னைக்கு மட்டும் வேண்டாமே. அம்மா இருக்காங்க."

"வேற எந்த நாள் தம்பி?" என்றேன். "நாளைக்கு இந்த அட்டையைச் சுவர்ல சிமென்ட் வச்சுப் பூசிடுவாங்க."

அவர் வழி விட்டார். அம்மா, உங்களை நோகடிக்க நான் வரவில்லை. உங்கள் கணவரைப் பற்றி நீங்கள் அறிந்தது வேறு. அதற்குள் நான் வரப் போவதில்லை. நான் மதிப்பெண் போடுகிறவள். எனக்கு அந்த ஒரு துளை மட்டும்தான்.

இன்னொருவரிடமும் சொல்ல வேண்டியிருந்தது. நேற்று டாக்டர் வீட்டுப் பெண்ணுக்கு, பெண் என்றாலும் அவருக்கும் என் வயதுதான், போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் அவர் கேட்டார்:

"அந்த அக்கா இன்னும் அங்கதான் இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அப்ப நான் அனுப்பின இரங்கல் செய்தியைப் படிக்க வேண்டாம்னு சொல்லிடுங்க. அந்த அட்டைதான் என் வாழ்க்கையோட பெருமைன்னு எழுதியிருக்கேன். அவங்க முன்னாடி அதைப் படிக்காதீங்க, ப்ளீஸ்."

செயலாளரிடம் சொன்னேன். காலையிலும் ஒரு தடவை சொன்னேன். ஆனாலும் அரை மணி நேரத்துக்கு முன்னால் அதைக் குரல் தழுதழுக்கப் படித்தார். நீங்களும் கைதட்டினீர்கள். செயலாளர் அவர்களே, அதையும் சங்கத்துக்காகத்தான் செய்தீர்களா?

இப்போது ஒரு வேலை கொடுக்கிறேன். எல்லோரும் அந்த அட்டையைப் பாருங்கள். இருபத்தாறு வருடமாகச் சட்டத்துக்குள் ஒரு மஞ்சள் காகித ஓரம் இருந்தது. அழகுக்காக என்று நினைத்திருப்பீர்கள். இன்று காலை எட்டு மணிக்கு நான் சட்டத்தைக் கழற்றினேன். அந்த மஞ்சள் ஓரத்தை மட்டும் எடுத்துவிட்டு, மறுபடி மாட்டி, இதே இடத்தில் வைத்தேன். அட்டையின் கீழ் விளிம்பு இப்போது முழுதாகத் தெரிகிறது. அடித்த ஒன்பது. பக்கத்தில் பத்து. இரண்டு கையெழுத்தும் என்னுடையவை. இத்தனை நேரமும் அது உங்கள் முன்னால்தான் இருந்தது. ஒவ்வொருவராக வந்து படத்துக்கு முன்னால் நின்று தலை குனிந்துவிட்டுப் போனீர்கள். குறி பார்ப்பதையே வாழ்க்கையாகக் கொண்ட இருநூறு பேர் இந்த மண்டபத்தில் இருக்கிறோம். யார் கண்ணில் பட்டது?

ஒருவர் பார்த்தார். தையல் அக்கா. மேஜர் படத்தின் முன்னால் அவர் நிற்கவில்லை, அட்டையின் முன்னால் நின்றார். கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டு குனிந்து, தையல் நேராக இருக்கிறதா என்று பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார். பிறகு போய்க் கதவோரம் உட்கார்ந்துகொண்டார். எழுந்து போவதற்கு வசதியான இடம் அது. அவர் இன்னும் எழுந்து போகவில்லை.

வழக்கமாக இப்படிப்பட்ட கூட்டங்களில் கடைசியில் ஓர் உறுதிமொழி எடுப்போம். அவர் விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம் என்போம். நானும் எடுக்கிறேன். அவர் விட்டுச்சென்ற பணிகளில் ஒன்று, அவரே நாள் குறித்துக் கொடுத்தது, இன்று முடிய வேண்டும்.

அந்தத் துளையில் மறுபடி கேஜ் போட்டு நிரூபிக்கச் சொல்லாதீர்கள். அது இனி எதையும் சொல்லாது. முதல் அளவுதான் அளவு. இதோ சாதனைப் பதிவேடு. முதல் தேசியப் போட்டியின் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறேன். பழைய வரியை அழிக்கவில்லை. ஒரு கோடு போட்டிருக்கிறேன், படிக்க முடிகிற மாதிரி. அதன் கீழே தையல் அக்காவின் முழுப் பெயரை எழுதி, முன்னூற்று எண்பத்தொன்று, முதலிடம் என்று எழுதியிருக்கிறேன். காரணம் என்ற கட்டத்தில் "ஒரே துளையில் இரண்டாம் தடவை கேஜ் போடப்பட்டது; முதல் அளவு ஒன்பது" என்று இருக்கிறது. யார் போட்டது, யார் அடித்து எழுதியது என்பதும் இருக்கிறது. என் கையெழுத்தும் இருக்கிறது.

ஆனால் அது போதாது. பதிவேட்டைத் திருத்த அன்றைய நடுவர்கள் இருவரும் கையெழுத்திட வேண்டும். இது மேசைப்பந்துச் சங்கத்திலிருந்து வந்த விதி அல்ல. நாமே எழுதியது. இன்னொரு நடுவரின் கட்டம் காலியாக இருக்கிறது.

அந்தக் கட்டம் காலியாகவே இருந்தால் நான் இத்தனை நேரம் பேசியது வெறும் பேச்சு. தையல் அக்கா கேட்டது பேச்சை அல்ல.

ரிப்பேர்காரர் அண்ணா, அன்று உங்களை டீ குடிக்க அனுப்பினார்கள். இருபத்தாறு வருடம் ஆகிவிட்டது. டீ குடித்து முடித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பேனா என்னிடம் இருக்கிறது. மேடைக்கு மூன்று படிதான், இடது பக்கம் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது.

தம்பி, நீங்கள் எழுந்து அவருக்குக் கை கொடுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நீங்களாகவே எழுந்துவிட்டீர்கள். இதை நான் எழுதி வைக்கவில்லை, பார்த்துத்தான் சொல்கிறேன்.

அவர் வருகிறார். நன்றி கூறி உரையை முடிப்பது முறை. நான் இப்போது கூறப் போவதில்லை. அண்ணா மெதுவாக வரட்டும், கையெழுத்துப் போடட்டும், மை காயட்டும். இந்தப் பக்கத்தைக் கடைசி வரிசைக்கு எடுத்துக்கொண்டு போய் அக்காவிடம் காட்டுகிறேன். அவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு, இந்தக் கூட்டத்தை எப்படி வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளுங்கள்.